நாயைக் கட்டியாச்சு, வாங்க

ராஜபாளையம் பக்கம் வேலைக்குப் போகிற மெக்கானிக்குக்கு ஸ்பேனரை விட முக்கியமான சாமான் ஒன்று உண்டு. அது ஒரு கேள்வி. வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல், கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே கேட்க வேண்டும்: "நாயைக் கட்டியாச்சா?"

இருபத்தெட்டு வருடம் நான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். இந்தத் தொழிலில் இருக்கும் நீங்களும் கேட்கிறீர்கள் என்று தெரியும். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்ட வாயோடு இன்னொரு கேள்வியையும் கேட்கத் தெரியாததால், என் வேலையில் ஒரு அம்மாளின் கை வெந்துபோனது. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து பழம்பெருமை பேசலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எனக்கு நினைவு வருவது பெருமையாக இல்லை. அதனால் இதை எழுதி வைக்கிறேன். இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி, இதே தப்பை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள்.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் பார்க்கப் போனேன். வெள்ளை வெளேர் என்று, கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு ராஜபாளையம் நாய் நடுக்கூடத்தில் நின்றது. "உள்ள வாங்க, அது ஒண்ணும் செய்யாது" என்றார் வீட்டுக்காரர். அது செய்தது. இடது கெண்டைக்காலில் இன்றைக்கும் நான்கு பள்ளம் இருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது இரண்டு வாக்கியங்களை இனிமேல் நம்புவதில்லை என்று முடிவு செய்தேன். ஒன்று, நாய் வளர்ப்பவர் சொல்லும் "ஒண்ணும் செய்யாது". இன்னொன்று, மிஷின் வைத்திருப்பவர் சொல்லும் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு".

அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே போன் போட்டுவிடுவேன். "நாயைக் கட்டியாச்சு, வாங்க" என்று பதில் வந்தால்தான் வண்டியை மிதிப்பேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சோழபுரம் போகிற வழியில், ஒரு நூல் மில்லை ஒட்டி இருந்த வீடு அது. வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பட்டாளத்தார் என்றால்தான் தெரியும். மாந்தோப்பில் ஏணி சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே செயல் இல்லாமல் போய்விட்டது. கால்கள் சும்மா கிடந்தால் பரவாயில்லை. நினைத்த நேரத்தில் விறைத்துக்கொண்டு இழுக்கும். தினமும் காலையில் வெந்நீரில் உடம்பை நன்றாக நனைத்தால்தான் அந்த இறுக்கம் தளரும், அப்புறம்தான் கால்களை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குளிப்பாட்டுவது அவர் மனைவி சீனியம்மாள். என்னை விட மூன்று நான்கு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அடுப்பில் அண்டா வைத்துக் காய்ச்சி, போணிப் பாத்திரத்தில் மொண்டு, கூடத்தைத் தாண்டிக் குளியலறைக்குத் தூக்கிப் போவார். ஒரு குளியலுக்கு எட்டு நடை. சென்னையில் போலீஸ் வேலையில் இருக்கும் மகன் ஒரு தடவை லீவில் வந்து இதைப் பார்த்துவிட்டுத்தான் ஹீட் பம்ப் வாங்கிப் போட்டான்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஹீட் பம்ப் என்பது ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரிதான். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சித் தொட்டித் தண்ணீரில் ஏற்றும். சூட்டைப் பறிகொடுத்த காற்று சில்லென்று முன்பக்கம் வெளியே வரும். வெளியே எவ்வளவு வெயில் அடிக்கிறதோ அவ்வளவு சுலபமாக வேலை நடக்கும். அதனால்தான் அது நடுப்பகலில் ஓடும்படி நானே டைமர் வைத்தேன். மத்தியானம் காய்ந்த தண்ணீர் தொட்டியில் சூடு குறையாமல் கிடந்து மறுநாள் காலையில் குளிக்க வரும். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, மொட்டை மாடி மூலையில், குழாய் எட்டுகிற இடமாகப் பார்த்து மிஷினை உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் மாட்டியது. மார்கழிக் குளிரில்கூட ஒரு குறையும் இல்லை. பங்குனி பாதியில் போன் வந்தது.

"தம்பி, காலைல குழாயத் தொறந்தா பச்சத் தண்ணியா வருது. டப்பால என்னமோ எழுத்து மின்னுது."

"நாளைக்கு வாரேன்க்கா. நாயைக் கட்டி வைங்க."

"கட்டாம இருப்பனா? வாங்க."

அந்த வீட்டு நாயின் பெயர் மேஜர். ஏன் இந்தப் பெயர் என்று பட்டாளத்தாரிடம் கேட்டேன். "இருவது வருசம் மேஜர் சொன்னத நான் கேட்டேன். இப்ப மேஜர் நான் சொன்னதக் கேக்கட்டுமே" என்றார். கட்டிலில் கிடந்தாலும் மீசையில் ஒரு முடி கலையாத மனிதர்.

மாடிக்குப் போனேன். மிஷின் பூட்டிக்கொண்டு நின்றது. கேஸ் அழுத்தம் குறைந்தது என்று திரும்பத் திரும்ப மூன்று முறை உணர்ந்தால் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அப்படி நின்றுவிடும். அணைத்துப் போட்டேன், ஓடியது. பின்பக்கம் காற்று இழுக்கிற காயிலை, அந்தத் தகடு அடுக்கிய குழாய்ச் சுருளைப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே வெள்ளையாகப் பூ மாதிரி அடைத்திருந்தது. பக்கத்தில் நூல் மில். இந்த ஊரில் வெள்ளையாக எது பறந்தாலும் பஞ்சுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"மில்லுப் பஞ்சுக்கா. அதான் மூச்சு முட்டிருச்சு" என்றேன். தண்ணீர் அடித்துக் கழுவினேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். தங்கமாக ஓடியது. காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் மறுபடியும் நின்றது.

இந்த இடத்தில்தான் ஒரு மெக்கானிக்கின் புத்தி கோணலாகப் போகத் தொடங்கும். முதல் தடவை பழுது வந்தால் மிஷின் மேல் சந்தேகம். அதே பழுது இரண்டாம் தடவை வந்தால் அது நம் மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. எதையாவது செய்தாக வேண்டும் என்று கை பரபரக்கும். கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டேன். அழுத்தம் குறைந்ததாகக் காட்டுகிறது என்றால் கேஸ் குறைந்திருக்கும், கொஞ்சம் ஏற்றிவிடுங்கள் என்றார்கள். அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்தேன். குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை வைத்துத் தேடியிருக்க வேண்டும். உள்ளே இருப்பதை வெளியே எடுத்து எடை போட்டுப் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. "குறைஞ்ச மாதிரிதான் இருக்கு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏற்றினேன். அந்த "மாதிரி" என்ற சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. வாய் சும்மா இருக்கவில்லை. கிளம்பும்போது, "இனி நிக்காதுக்கா. அந்த அண்டாவைத் தூக்கிப் பரண்ல போட்டுருங்க" என்றேன்.

அந்த வாரம் கோடை மழை பெய்தது. ஐந்தாறு நாள் மேகமூட்டம். மிஷின் ஒழுங்காக ஓடியது. சீனியம்மாள் அக்கா நம்பி, அண்டாவைப் பரணில் ஏற்றிவிட்டார். பிறகு வெயில் திரும்பியது.

ஒரு காலை குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. பட்டாளத்தாருக்கு அன்றைக்கென்று கால் விறைப்பு அதிகம். கட்டிலின் சட்டத்தில் கால் போய் அடிக்கிறது. அவசரத்தில் அக்கா ஸ்டூல் போட்டு அண்டாவை எடுக்கவில்லை. சின்ன அடுப்பில், கைப்பிடி இல்லாத ஒரு பானையை வைத்துக் காய்ச்சி, துணியைச் சுற்றித் தூக்கியிருக்கிறார். கூடத்தில் துணி நழுவி, பானையோடு அவரும் விழுந்தார். கொதிக்கிற தண்ணீர் வலது கையில், முழங்கையில் இருந்து விரல் வரை.

எனக்கு மறுநாள்தான் தெரியும். போனபோது கையில் கட்டோடு வாசலில் நின்றார். கூமாப்பட்டியில் இருந்து அவர் தங்கை வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நாயக் கட்டியாச்சு, வாங்க தம்பி" என்றுதான் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

பட்டாளத்தார் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மெக்கானிக், அந்தக் கூடத்து நடுவுல ஒரு கறுப்புக் கல்லு இருக்கு பாரும். அதுலதான் விழுந்தா. இங்கேருந்து எம்புட்டு தூரம் சொல்லும்?"

நான் பார்த்தேன்.

"ஏழடி. காஷ்மீர்ல, ராஜஸ்தான்ல எங்கெல்லாமோ நடந்திருக்கேன். அவ கத்துதா, நான் கெடக்கேன். ஏழடி என்னால போக முடியல."

அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. தலையைத் திருப்பிக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

மாடியில் நிற்கும்போதே மகன் போனில் வந்தான். பையன் கத்தவில்லை, போலீஸ்காரர்கள் மெதுவாகப் பேசினால்தான் பயம். "அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை நான் வாரேன். அதுக்குள்ள இது சரியாகணும். இல்லன்னா அப்பாவையும் அம்மாவையும் இங்க கூட்டிட்டு வந்துருவேன். மூணாவது மாடி வீடுதான், என்ன செய்ய. நாய யாருக்காவது குடுத்துருவேன்."

அன்று வியாழக்கிழமை. கம்பெனி ஆபீசில் கேட்டால் கம்ப்ரெசரை மாற்றுங்கள் என்கிறார்கள். மிஷினோ, அணைத்துப் போட்டதும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுகிறது. காயிலில் மறுபடியும் அந்த வெள்ளை. ஸ்பேனர் கையில் இருக்கிறது. கம்ப்ரெசரைக் கழற்றினால் எல்லோருக்கும் நான் வேலை செய்கிறேன் என்று தோன்றும். எனக்கும் தோன்றும். வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக ஒரு நட்டை நான் திருகப் பார்த்தது இல்லை.

ஸ்பேனரைப் பையில் போட்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். தெரியாத பழுதுக்கு வைத்தியம் பார்த்து ஏற்கனவே ஒரு கையை வேகவைத்தாயிற்று, போதும் என்று தோன்றியது. பூட்டை மட்டும் நீக்கி ஓடவிட்டுவிட்டு, "அக்கா, எனக்குக் காரணம் தெரியல. தெரியாம எதையும் தொடமாட்டேன். ரெண்டு நாள் குடுங்க. அதுவரைக்கும் இத நம்பாதீங்க" என்றேன். தெரியவில்லை என்று ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு ஒன்றும் அறுந்து விழவில்லை.

எங்கள் சர்வீஸ் சென்டரில் போன் எடுக்க ஒரு பெண் இருந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். கம்ப்ரெசரை அவள் கண்ணால்கூடப் பார்த்தது இல்லை. வருகிற புகார்களை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பாள், பக்கத்திலேயே அன்று வந்தவர்கள் பேசிய ஊர்க்கதையையும் எழுதி வைப்பாள். அவளைக் கேலி செய்யாத மெக்கானிக் கிடையாது, என்னையும் சேர்த்து. மறுநாள் காலை நான் சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அந்த நோட்டைத் திறந்தாள்.

"அண்ணே, நீங்க போன அன்னைக்கு மட்டும் எப்பவும் ஓடுது. நீங்க திரும்பி வந்த பொறவுதான் நிக்குது. பாத்தீங்களா?"

"மிஷினுக்கு என் மேல பாசம்."

"சிரிக்காதீங்க. மழை பேஞ்ச வாரம் போனே வரல. வெயில் கொளுத்துன மறுநாள்தான் மூணு போனும் வந்துருக்கு. சூட்டத் தின்னுதான் அந்த மிஷின் ஓடும்னு நீங்கதான சொன்னீங்க? வெயில் நாள்ல சோறு நெறைய இருக்கும். சோறு நெறைய இருக்கறப்ப அது ஏன்ணே பட்டினி கெடக்கு?"

நான் நோட்டை என் பக்கம் திருப்பித் தேதிகளைப் பார்த்தேன். எத்தனையோ பெரிய இஞ்சினியர்களிடம் பேசியிருக்கிறேன். இந்த மாதிரி நேராக ஒருவரும் என்னிடம் கேட்டது இல்லை. வெயில் நாளில், நான் இல்லாத நேரத்தில், அந்த மாடியில் ஏதோ நடக்கிறது. நான் போனால் அது நடக்காது. அப்படியென்றால் நான் போவதால் அந்த வீட்டில் எது மாறுகிறது?

நம் தொழிலில் இது ஒரு சாபக்கேடு. நாம் வருகிறோம் என்றாலே வீடு முகம் கழுவிக்கொள்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டு ஃபிரிட்ஜ் குளிர்வதே இல்லை என்று நான்கு தடவை கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி காலியாக இருக்கும், ஜில்லென்று குளிரும். அந்த அம்மாள் மெக்கானிக் வருகிறான், பார்த்தால் என்ன நினைப்பான் என்று, உள்ளே திணித்து வைத்திருந்த இருபது டப்பாக்களை ஒவ்வொரு முறையும் எடுத்து ஒளித்துவிட்டார்! அதை அப்போதே ஒரு சிரிப்புக் கதையாகப் பத்துப் பேரிடம் சொன்னவன் நான். அது எனக்கும் பாடம் என்று மட்டும் தோன்றவில்லை.

அன்று உச்சிவெயிலில் சோழபுரம் ரோட்டில் கிளம்பினேன். போன் போடவில்லை.

வாசலில் நின்று கூப்பிட்டதும் அக்கா பதறிப்போய் வந்தார். "என்ன தம்பி, சொல்லாம வந்துட்டீய? செத்த நேரம் நில்லுங்க, மேஜரக் கட்டிட்டு வாரேன்."

"கட்டாதீங்கக்கா."

"என்ன?"

"நாயக் கட்ட வேண்டாம். வீட்டுல எதையும் எடுக்க வேண்டாம், நகத்த வேண்டாம். இப்ப எது எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கட்டும். நான் மாடிக்குப் போகணும்."

"கடிச்சு எடுத்துருமே! எங்க வீட்டுக்காரவியள விட்டா அது யாரையும் மதிக்காது."

உள்ளேயிருந்து பட்டாளத்தார் குரல் வந்தது. "ஏட்டி, விடு. அவரு மேல போகட்டும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

கெண்டைக்கால் பள்ளம் நான்கும் குடைய ஆரம்பித்தது. வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி அக்கா முன்னால் ஏற, அவர் பின்னால் ஏறினேன். மேல்படியில் தலையை நீட்டிப் பார்த்தேன்.

மிஷினுக்கு முன்னால், இரண்டடி தள்ளி, கொடிக்கம்பியில் ஈரக் கோணிச்சாக்கு ஒன்று தரை வரைக்கும் தொங்கியது. மிஷினுக்கும் சாக்குக்கும் நடுவில், மகாராஜா மாதிரி, மேஜர் நீட்டிப் படுத்திருந்தது. நாற்பது டிகிரி வெயிலில் அந்த ஊரிலேயே சொகுசாக இருந்த ஜீவன் அதுதான்.

என்னைப் பார்த்ததும் எழுந்தது. தொண்டைக்குள் உறுமியது. இரண்டு எட்டு முன்னால் வைத்தது. அக்கா "மேஜர், வேண்டாம்" என்றதை அது காதில் வாங்கவில்லை. நான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது கீழே கட்டிலில் இருந்து, வீடே அதிரும்படி ஒரு குரல் வந்தது.

"மேஜர்! பைட் ஜா!"

பட்டாளத்து இந்தி, உட்கார் என்று அர்த்தம். நாய் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. உறுமல்கூட நின்றுவிட்டது. ஏழடி நகர முடியாத மனிதர் கீழே இருந்து மாடியில் என் காலைக் காப்பாற்றினார்.

சுவரோரமாகவே ஒட்டிப்போய் மிஷினின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். காயில் முழுக்க வெள்ளை. பஞ்சு இல்லை. பனிக்கட்டி. சித்திரை வெயிலில், ராஜபாளையத்தில், விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி! முன்னால் வந்த குளிர்காற்று சாக்கில் முட்டித் திரும்பி, மூலைச் சுவரில் சுருண்டு, மறுபடியும் பின்பக்கமே உள்ளே போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் நெருப்பு மாதிரி வெயில் அடிக்க, மிஷின் தான் விட்ட குளிர்ந்த மூச்சையே தான் குடித்து, உறைந்து, கடைசியில் பூட்டிக்கொள்ளும். மறுநாள் நான் வருவதற்குள் பனி உருகிவிடும். நாய் கட்டப்பட்டுவிடும். சாக்கு?

"சாக்க எப்பவுமே இங்கதான் போட்டுருப்பீங்களாக்கா?"

"வெயிலு வந்ததுலருந்து போடுதோம். ராஜஸ்தான்ல இப்பிடித்தான் ஈரத்தட்டி கட்டுவாவளாம், அவிய சொன்னாவ. மேஜரு இந்தக் காத்துலதான் படுக்கும்." பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "நீங்க வாரீங்கன்னா எடுத்துருவேன். நாய் நாத்தம் அடிக்கும்லா. வேலை செய்ய வாரவுக மூஞ்சிச் சுளிக்கப் பிடாதுன்னு."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். மூன்று தடவையும் நான் மிஷினைக் கண்டேன், நாயைக் காணவில்லை. காணாமல் செய்தவனும் நான்தான். பனி படியாத ஓரத்தில், காயில் தகட்டில் இருந்த வெள்ளையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன். பஞ்சு பிய்ந்து வரும். இது ஒவ்வொரு இழையாக, நேராக, பளபளவென்று வந்தது. வெள்ளை நாயின் முடி. முதல் தடவையே அதை என் கையாலேயே கழுவிக் கீழே விட்டிருக்கிறேன்.

நான் சாக்கை விலக்கியதும் பனி சொட்டத் தொடங்கியது. அக்கா சாக்கைப் பார்த்தார், பனியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். பிறகு தன் கைக்கட்டைப் பார்த்தார். முகம் அப்படியே சுருங்கிப்போனது.

"அப்ப… நான் போட்ட சாக்காலயா தம்பி?"

நான் இவ்வளவு தூரம் சொல்லி வந்ததே இந்த நிமிடத்துக்காகத்தான். பழுதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற குஷியில் ஆமாம் என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம். அது பொய்யும் இல்லை. ரிப்போர்ட்டில் "வாடிக்கையாளர் காற்று வழியை அடைத்தார்" என்று ஒரு வரி எழுதினால் கம்பெனி தப்பித்தது, நான் தப்பித்தேன். அந்த அம்மாள் மட்டும் ஒவ்வொரு தடவை தன் கைத்தழும்பைப் பார்க்கும்போதும் அந்த வரியைப் படிப்பார்.

ஆனால் அது முழு உண்மையும் இல்லை. அந்த மிஷினின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடியாவது விட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. குழாய் எட்டவில்லை என்று நான் நாலு விரல் இடம்தான் விட்டிருந்தேன். இடம் விட்டிருந்தால் அந்தச் சாக்கு தொங்கியும் இவ்வளவு உறைந்திருக்காது. நாய் படுக்கிற நேரத்தில் குளிர்காற்று வரும்படி டைமர் வைத்தவன் நான். மாதிரி என்று சொல்லிக் கேஸ் ஏற்றியவன் நான். அண்டாவைப் பரணில் போடச் சொன்னவனும் நான்.

"இல்லக்கா" என்றேன். "சாக்கு வெயிலுக்குப் போட்டது. மிஷின இந்த மூலைல ஒட்ட வச்சது நான். இது என் தப்பு."

அன்று மாலையே மிஷினை மூலையில் இருந்து இழுத்து, மாடியின் திறந்த பக்கத்தில் உட்கார வைத்தேன். குழாய்க்கு இன்னும் நாலு அடி வேண்டும் என்றால் நாலு அடி போட வேண்டியதுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. உள்ளே இருந்த கேஸை முழுதும் எடுத்து, தராசில் நிறுத்து, உள்ள அளவு மட்டும் ஏற்றினேன். மிஷினுக்கு மூன்றடி முன்னால் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் மேஜர் படுத்துக்கொள்ளலாம், குளிர்காற்று போகும், மிஷினுக்கும் மூச்சு முட்டாது. சாக்கை மாடியின் இன்னொரு பக்கம் நிழலுக்கு மட்டும் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். நான் அங்கேதான் இருந்தேன். அப்பாவின் கட்டிலருகே நின்றுகொண்டு நேராகக் கேட்டான்.

"யார் தப்பு அண்ணாச்சி?"

"என் தப்பு. வச்ச எடம் தப்பு. பொறவு தெரியாததத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னது தப்பு. ரிப்போர்ட்லயும் அப்பிடித்தான் எழுதிருக்கேன்."

கட்டிலில் இருந்து பட்டாளத்தார் கையை உயர்த்தினார். "மெக்கானிக், முழுசையும் நீரே அள்ளிக்கிட்டுப் போகாதேயும். சாக்கு என் ஆர்டர். நான் போட்ட ஆர்டருக்கு நான்தான் பொறுப்பு."

"இல்லைங்க, எடம் மட்டும் சரியா இருந்தா…"

"ஆர்டர் என்னுது ஓய்!"

மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். போலீஸ் வேலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சண்டை போடும் ஆட்களை அவன் பார்த்திருக்க மாட்டான். அடுப்படியில் இருந்து சீனியம்மாள் அக்கா வெளியே வந்தார்.

"ரெண்டு பேரும் செத்த நேரம் சும்மா இருக்கேளா? தப்பு யாருதா இருந்தா எனக்கென்ன. தண்ணி காஞ்சிருக்கான்னு யாராவது பாத்தீயளா?"

யாரும் பார்க்கவில்லை. அவரே போய், கட்டுப் போடாத இடது கையால் குழாயைத் திறந்தார். நாங்கள் மூன்று ஆண்களும் கூடத்தில் காத்திருந்தோம். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு குளியலறைக் கதவிடுக்கில் இருந்து ஆவி புகைந்து வெளியே வந்தது. பட்டாளத்தார் கண்ணை மூடிக்கொண்டார்.

மகன் தனியாகத்தான் சென்னைக்குப் பஸ் ஏறினான். அந்தக் கோடை முழுக்க மிஷின் ஒரு நாளும் நிற்கவில்லை. மேஜருக்கு மட்டும் என் மேல் கோபம் தீரவில்லை, தன் சாக்கை எடுத்தவன் என்ற ஞாபகம் இருந்திருக்கும். அடுத்த முறை போனபோது கால்சட்டையின் நுனியை ஒரு விரற்கடை கிழித்துவிட்டது. நான் அதைக் குறை சொல்லவில்லை.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, நாயைக் கட்டச் சொல்லுங்கள். என் கெண்டைக்காலைப் பார்த்த யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கட்டுவதற்கு முன்னால், வாசலில் நின்றபடியே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: நேற்று மத்தியானம் அது எங்கே படுத்திருந்தது?